கடற்கரைப் பட்டிமண்டபம்

பகலெல்லாம் வகுப்பறையிற் பேசிக் களைத்த பின்னர், மாலைப்பொழுதிலே திருகோணமலைக் கடற்கரைக்குப் போய்ச் சற்றுநேரம் இருந்து வருதல் என் நெடுநாளைய வழக்கம். ஒரு பக்கத்திலே பிரட்றிக் கோட்டை. அதன்மேற் கோணேசர் கோயில் கொண்டருளும் சுவாமி மலை. முன்னே டச்சுக் குடாவின் வளைந்த கரை. காற்று வாங்க வந்தோரும், கடலை விற்போரும், பந்தடிக்கும் இளைஞரும், இவர்களுள் எவருக்கும் அஞ்சாது நடமாடும் கோட்டை மான்களுமாக அவ்விடம் கலகலப்பாக இருக்கும். அங்கே என் வாய்க்கு ஓய்வு கிடைக்கும். செவிக்கு மட்டும் ஓய்வில்லை. பிறர் பேச்சிலே பிழை தேடும் பழக்கம், முப்பதாண்டுக் காலம் ஆசிரியத் தொழில் புரிந்தவனை எளிதில் விட்டுவிடுமா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், கரையேற்றி வைத்திருந்த தோணி ஒன்றின் மறைவிலே சாய்ந்திருந்தேன். தோணிக்கு அப்பால் நான்கு சிறுவர்கள் வந்து அமர்ந்தார்கள். நான் இருப்பதை அவர்கள் அறியவில்லை. அவர்களிடையே மூண்ட வாதத்தை அவர்கள் மொழியிலேயே தருகின்றேன், பண்டிதர்கள் பொறுத்தருள்க.

"சூப்பர்மேன் ஒரு குத்து விட்டா உன்ட பேட்மேன் எங்க போய் விழுவான் தெரியுமா? மூதூர்ல!"

"விழட்டும். ஆனா சூப்பர்மேனுக்குச் சுட்டாலும் படாது, வெட்டினாலும் படாது. பிறகு அவன் சண்டைக்குப் போறது என்ன பெரிய வேலை? பேட்மேனுக்குச் சுட்டாச் செத்துப்போவான். அது தெரிஞ்சுதான் போறான்."

"அது சரி மச்சான். ஆனா பேட்மேன் பணக்காரன், மற்றவன் வேற உலகத்தான். ஸ்பைடர்மேன்தான் எங்களைப் போல. வாடகை குடுக்கக் காசில்லாம நிக்கிறான்."

நான்காமவன் ஒன்றும் பேசாது மணலிலே ஈர்க்குச்சியாற் கோடு கீறிக்கொண்டிருந்தான்.

நேயர்களுட் சிலர் இவ்வீரர்களை அறியாதிருத்தல் கூடும். மூவரும் அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களிலே பிறந்தவர்கள். சூப்பர்மேன் 1938இலும், பேட்மேன் 1939இலும், ஸ்பைடர்மேன் 1962இலும் முதன்முதலாக வெளிவந்தனர். இதழிலிருந்து திரைக்கும், திரையிலிருந்து தொலைக்காட்சிக்கும், அதிலிருந்து இன்று ஒவ்வொரு சிறுவன் கையிலுமுள்ள தொலைபேசிக்கும் அவர்கள் குடிபெயர்ந்து விட்டார்கள். திருகோணமலைக் கரையிலே கருவாடு காயும் இடத்திலும் அவர்களைப் பற்றிய பேச்சு நடக்கின்றது.

"விழட்டும்" என்று தொடங்கிப் பேசிய அந்த இரண்டாம் குரலை நான் அறிவேன். அதனாலேயே எழுந்து போகாமல் இருந்துவிட்டேன்.

சிவப்பு மை

அவன் என்னுடைய பத்தாந் தர வகுப்பு மாணவன். அவ்வாண்டின் முதற் தவணையிலே "நான் விரும்பும் வீரன்" என்னும் பொருளிற் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். மற்றை மாணவரெல்லாம் கட்டபொம்மன், பண்டாரவன்னியன், எல்லாளன் என்று எழுதினர். இவன் பேட்மேனைப் பற்றி மூன்று பக்கம் எழுதினான். முதற் பத்தியைப் படித்தேன், மேலே படிக்கவில்லை. மூன்று பக்கத்துக்கும் குறுக்கே சிவப்பு மையாற் கோடிட்டு, "பொருளுக்குப் புறம்பானது, வரலாற்று வீரர் ஒருவரைப் பற்றி மீண்டும் எழுதுக" என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

அவன் மீண்டும் எழுதினான். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய பண்டாரவன்னியனைப் பற்றி ஒரு பக்கம். பிறந்த ஊர், செய்த போர், மறைந்த விதம் யாவும் முறையாக இருந்தன. வழிகாட்டி நூலிலிருந்து எடுத்த வாக்கியங்கள் என்பதை நான் அறியாமலில்லை. ஆயினும் இருபதுக்குப் பதினைந்து புள்ளி வழங்கினேன். அதன் பின்னர் அவன் வகுப்பிலே தானாக எதையும் கேட்டதில்லை. நானும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அமைதியான மாணவன் என்று அறிக்கையிலும் எழுதினேன்.

அந்த அமைதியான மாணவன்தான் தோணிக்கு அப்பால் இருந்து, ஒருவர்க்கும் விட்டுக்கொடாமல் வாதாடிக்கொண்டிருந்தான்.

நானும் ஒருகாலத்து ரசிகனே

இவ்விடத்திலே என்னைப் பற்றிய உண்மையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1972இல் முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதை வெளியீடு தமிழகத்திலே தொடங்கியபோது, அதன் முதல் இதழாக வந்தவன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்திற் பிறந்த அக்கதை தமிழுடை பூண்டு கடல் கடந்து எங்கள் ஊருக்கும் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மாத்திரம் அந்தரத்திலே தெரியும். பிற்காலத்திலே கீழைத்தேயக் கல்லூரியிற் பண்டித வகுப்புக்குப் பாடஞ் சொல்லப் போகின்ற நான், சிறுவயதில் அம்மாயாவியை நன்னூற் காண்டிகையுரைக்குள் மறைத்து வைத்துப் படித்தவன். நூலைத் தலைகீழாகப் பிடித்திருந்தமையால் ஒருநாள் தந்தையாரிடம் அகப்பட்டதும் உண்டு.

தந்தையார் என்னைத் தண்டிக்கவில்லை. காரணம், அவரும் ஒரு பெரிய ரசிகர். அவர் சிவாஜி கணேசன் கட்சி. என் தாய்மாமன் எம்.ஜி.ஆர். கட்சி. இருவரும் துறைமுகத்திலே வேலை செய்தவர்கள். வேலை முடிந்து சைக்கிளிலே திரும்பும்போது தொடங்கும் வாதம் எங்கள் வீட்டுத் திண்ணையிலே தேநீரோடு தொடர்ந்து இரவுச் சாப்பாட்டு வேளையிலே முடியும்.

"கட்டபொம்மனாக நடித்ததற்குக் கெய்ரோ நகரத்திலே பரிசு கொடுத்தார்களே, உங்கள் ஆளுக்கு எங்கே கொடுத்தார்கள்?" என்பார் தந்தையார். 1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்துக்காக 1960இல் ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவிலே சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தமை அவர் கையிலிருந்த பெரிய ஆயுதம். பின்னர் 1978இல் பைலட் பிரேம்நாத் படத்திலே நம் நாட்டு மாலினி பொன்சேகாவோடு சிவாஜி நடித்தபோது அவர் தலைநிமிர்ந்து நடந்தார்.

மாமனாரோ அசையமாட்டார். "அத்தான், எங்கட ஆள் பிறந்ததே கண்டியிலதான். ஏழைக்கு ஒரு துன்பம் எண்டால் சிவாஜி அழுவார், எங்கட ஆள் போய்த் தூக்கிவிடுவார்" என்பார். 1917இலே கண்டியிற் பிறந்த எம்.ஜி.ஆர். 1977இலே தமிழகத்தின் முதலமைச்சரானபோது மாமனார் தெருவெல்லாம் கற்கண்டு வழங்கினாராம்.

இப்பொழுது நினைத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகின்றது. தந்தையார் பேசியது நடிப்பென்னும் கலையைப் பற்றி. மாமனார் பேசியது தலைவனுக்குரிய பண்பைப் பற்றி. இருவரும் ஒரே பொருளைப் பற்றி வாதிடுவதாக எண்ணிப் பல்லாண்டுகளை வேறு வேறு பொருளில் வாதிட்டே கழித்துவிட்டார்கள். "நீங்கள் எதைக்கொண்டு அளக்கிறீர்கள்?" என்று ஒருவரேனும் மற்றவரைக் கேட்டிருந்தால் வாதம் ஒரு படி ஏறியிருக்கும். கேட்கவில்லை. ஆகவே ஒருமுறை வாதம் முற்றி, ஒன்றரை ஆண்டு இரு வீட்டாருக்கும் பேச்சில்லாமற் போயிற்று.

1987 மார்கழி 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி வானொலியில் வந்தது. அப்பொழுது எனக்குப் பதினாறு வயது. அன்று மாலை தந்தையார் சட்டையை மாட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனார். நானும் பின்னே போனேன். மாமனார் முற்றத்துக் கதிரையிலே இருந்தார். தந்தையார் பக்கத்திலே போய் அமர்ந்தார். இருட்டும்வரை இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப் போயிற்று. எழும்பும்போது தந்தையார், "நாடோடி மன்னன் நல்ல படம்தான்" என்றார். அவ்வளவே.

எழுவகை மதம்

கடற்கரைக்குத் திரும்புவோம். சிறுவர்களின் வாதம் வளர்ந்துகொண்டே போயிற்று. கேட்கக் கேட்க, எனக்கு நன்னூலின் பொதுப்பாயிரம் நினைவுக்கு வந்தது. நூலாசிரியன் ஒருவன் பிறர் கருத்தோடு எவ்வெவ்வாறு உறவாடலாம் என்பதைப் பவணந்தி முனிவர் எழுவகை மதம் என வகுத்துரைத்திருக்கின்றார். ஆண்டுதோறும் அச்சூத்திரத்தை மனனம் செய்விக்கின்றேன். அந்தச் சிறுவர்களுக்கும் அதை விளக்கியிருந்தேன்; தேர்விலே ஒருவனும் சரியாக விடை எழுதவில்லை. அந்த ஏழும் என் கண்முன்னே மணலில் நடந்தேறின.

பிறர் கருத்துக்கு உடன்படுதல் ஒன்று. ஸ்பைடர்மேன் கட்சிக்காரன் "அது சரி மச்சான்" என்று தொடங்கியது அது. மறுத்தல் இரண்டாவது; அதற்குக் குறைவே இல்லை. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதனைக் களைதல் மூன்றாவது. "விழட்டும்" என்றானே என் மாணவன், அதுவே இது. பேட்மேன் மூதூரிலே போய் விழுவான் என்பதை அவன் மறுக்கவில்லை. வலிமையில் மற்றவனே மிக்கவன் என்று ஒப்புக்கொண்டு, வலிமை வேறு வீரம் வேறு என்று அடியையே பெயர்த்துவிட்டான். இதனினும் சிறந்த உதாரணத்தை எந்த உரைகாரரிடத்தும் நான் கண்டதில்லை.

தான் ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்துதல் நான்காவது. வீரன் நம்மைப் போன்றவனாக இருத்தல் வேண்டும் என்பது ஸ்பைடர்மேன் கட்சிக்காரன் நாட்டிய கொள்கை. தன் அலட்சியத்தாற் கள்வன் ஒருவனைத் தப்பவிட்டு, அக்கள்வனாலேயே தன்னை வளர்த்த பெரியப்பனை இழந்தவன் அவ்வீரன். "பிழை விட்டவன்தான் பிறகு பொறுப்பா இருப்பான்" என்று சிறுவன் முடித்தான். இருவர் மாறுபட்டவிடத்து ஒரு பக்கத்தைத் துணிதல் ஐந்தாவது. பேசாதிருந்த நான்காமவனை மூவரும் தீர்ப்புக் கேட்டனர்.

பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக்காட்டல் ஆறாவது. "சூப்பர்மேன் ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகைக் கந்தோர்ல வேலை செய்யிறானாம், பக்கத்தில இருக்கிறவங்களுக்கு ஆளைத் தெரியாதாம். எங்கட சேர் கண்ணாடியைக் கழட்டினா எங்களுக்கு அவரைத் தெரியாதா?" என்றான் என் மாணவன். தோணிக்குப் பின்னால் நான் என் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஏழாவது, பிறர் கொள்கையோடு ஒட்டாமல் தன் கொள்கையையே கொள்ளுதல். "நீ என்ன சொன்னாலும் சூப்பர்மேன் சூப்பர்மேன்தான்" என்று முதலாமவன் நின்றான். இதுவும் முனிவர் ஒப்புக்கொண்ட மதமே. ஆனால் ஏழனுள் இது ஒன்று, கடைசியில் வைக்கப்பட்டது. ரசிகர் பலர் முந்திய ஆறையும் விட்டு இந்த ஏழாவதிலேயே குடியிருந்து விடுகின்றனர். நடிகர்தம் உருவப்படத்துக்குப் பாலாபிடேகம் செய்வதும், மாற்றுக் கட்சியாரை வைவதும் அங்கேயே பிறக்கின்றன. "ஏன்?" என்ற வினா எங்கே குற்றமாகி விடுகின்றதோ, அங்கே ரசனை முடிந்து பக்தி தொடங்குகின்றது. என் தந்தையாரும் மாமனாரும் அவ்வெல்லையைக் கடந்தே ஒன்றரை ஆண்டை இழந்தார்கள்.

வியப்பும் பெருமிதமும்

வாதத்தினிடையே ஒருவன் சுவாமி மலையைக் காட்டினான். "எங்கட இராவணனுக்கு முன்னால உங்கட ஆளுகள் எல்லாரும் சின்னப் பொடியன்கள். பத்துத் தலை, இருபது கை. தாய்க்காக அந்த மலையையே வாளால வெட்டினவன்!" இராவணன் வெட்டு என்று இவ்வூரார் காட்டும் அந்தப் பாறைப்பிளவையும், தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கினான் என்று ஐதிகம் கூறும் கன்னியாய் வெந்நீரூற்றுக்கள் ஏழையும் அறியாத சிறுவர் இங்கில்லை. அமெரிக்காவிலிருந்து அதிசய வீரர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே எங்களுக்கு ஒருவன் இருந்தான்.

"அவ்வளவு பலம் இருந்தும் ஏன் தோத்தான்?" என்று மற்றவன் கேட்டான். கம்பனைக் கற்போரெல்லாரும் கேட்கும் வினா அது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாட்டைக் கூறுகின்றார். அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழிப் பிறக்கும். பெருமிதமோ வேறு, அது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கின்வழிப் பிறப்பது. பறப்பவனையும் மலையைப் பெயர்ப்பவனையும் கண்டு நாம் அடைவது மருட்கை. ஆற்றல் மிக்கவனெல்லாம் மருட்கையைத் தருவான், பெருமிதத்தைத் தரமாட்டான்.

இனிப் பேட்மேனை நோக்குக. சிறுவயதிலே தாய்தந்தையரைக் கள்வனொருவனின் துப்பாக்கிக்கு இழந்தவன். உடலையும் அறிவையும் முயன்று பயிற்றியவன். அது கல்வி. சாவு உண்டென்று அறிந்தும் இருளிலே இறங்குபவன். அது தறுகண். தன் செல்வத்தைப் பிறர்க்குப் பயன்படுத்துபவன். அது கொடை. இசைமைக்கு மட்டும் நான் சற்றுத் தயங்கினேன். முகத்தை மூடிக்கொண்டவனுக்குப் புகழ் எங்ஙனம் சேரும்? ஆனால் பெரும்பயன் கிடைப்பதாயினும் பழிதரும் செயலைச் செய்யாதிருத்தலே இசைமை என உரைகாரர் விளக்குவர். "அவன் எந்தக் கள்ளனையும் கொல்ல மாட்டான், கொண்டா அவனுக்கும் கள்ளனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று என் மாணவன் கூறியபோது, நான்காவதும் பொருந்திவிட்டது. சூப்பர்மேன் மருட்கை; பேட்மேன் பெருமிதம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அளவுகோலைக்கொண்டு வழக்கைத் தீர்த்துவிட்டேன் என்று மனத்துள் மகிழ்ந்தேன்.

அவ்வேளையிலேதான் நான்காமவன் வாய் திறந்தான்.

"சூப்பர்மேனுக்கு ஒண்டும் நடக்காதெண்டு ஆர் சொன்னது? அவன்ட உலகமே அழிஞ்சு போச்சு. தாயும் தகப்பனும் அவனை மட்டும் ஏத்தி அனுப்பிப்போட்டு அங்கயே நிண்டிட்டாங்க. அவனுக்குச் சுட்டாப் படாது, சரி. திரும்பிப் போறதுக்கு ஊர் இருக்கா?"

ஒருவரும் விடை சொல்லவில்லை. முதலாமவன்கூட, தன் கட்சிக்கு வலிமை சேர்ந்ததை எண்ணி மகிழவில்லை. அச்சிறுவனின் குடும்ப வரலாற்றை நான் அறிவேன். அதை இங்கே எழுதுதல் முறையன்று. பிள்ளைகளை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையிலே நின்ற தாய்தந்தையர் இவ்வூருக்குப் புதியவரல்லர் என்று மாத்திரம் கூறுவேன்.

சூப்பர்மேன் கதையைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இருவரும் நாடுவிட்டு நாடுவந்த யூதக் குடும்பங்களிலே பிறந்தவர்கள். குழந்தையை வானூர்தியிலே வைத்து அனுப்பும் பெற்றோர், அதனை எடுத்து வளர்க்கும் கமக்காரக் குடும்பம், பிறந்த மண் இல்லாத ஒருவன் புகுந்த மண்ணுக்கு உழைத்தல் என்பனவே அக்கதையின் அடித்தளம். அது நூலிற் படித்து அறியத்தக்க செய்தி. அச்சிறுவன் அதனைப் படித்தறியவில்லை. கதையைக் கண்டவுடன் உணர்ந்துகொண்டான். அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களுள் இழவும் ஒன்று என்று தொல்காப்பியர் கூறியிருக்கின்றார். நானோ சூப்பர்மேனை மருட்கை என்ற பெட்டிக்குள் இட்டுப் பூட்டிவிட்டேன். தோணிக்குப் பின்னால் இருந்த பண்டிதரின் தீர்ப்பு, கோடு கீறிக்கொண்டிருந்த சிறுவனால் மறுக்கப்பட்டது.

ஒருவனுக்கு ஒரு கதை ஏன் பிடிக்கின்றது என்று கேட்டுப் பார்க்கும்போது, அவன் வாழ்க்கை அக்கதையை எங்கே தொடுகின்றது என்பது வெளிப்படுகின்றது. "எனக்குப் பிடிக்கும்" என்பது திறனாய்வு அன்று. ஆனால் திறனாய்வு முளைக்கும் நிலம் அதுவே. எங்கள் வீட்டிலும் இதனைக் காணலாம். தொலைக்காட்சித் தொடர் முடிந்த பின்னர் என் மனைவியும் அயல்வீட்டு அம்மையாரும் வேலிக்கரையிலே நின்று, அந்த மருமகள் செய்தது சரியா, மாமியார் பொறுத்தது சரியா என்று ஆராய்வார்கள். வீண்பேச்சு என்று பல்லாண்டு எண்ணியிருந்தேன். தம் வீடுகளைப் பற்றி நேரே பேச இயலாதவற்றை அவர்கள் அத்தொடரின் வாயிலாகப் பேசிக்கொள்கின்றார்கள் என்பது பிந்தியே விளங்கிற்று.

புதிய இலக்கிய வடிவங்களைப் புறந்தள்ளுதல் எம்போன்றோரின் பழைய குற்றம். நாவல் என்னும் வடிவம் தமிழுக்கு வந்தபோது அதனை நூலென்று மதிக்கப் புலவர் பலர் தயங்கினர். அக்காலத்திலே, 1895இல், இதே திருகோணமலையிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை எழுதி வெளியிட்டார். இன்று அந்நாவலின் பெயரை இலக்கிய வரலாற்றுப் பாடத்திலே நாம் மனனம் செய்விக்கின்றோம்! ஒப்பிட்டு உயர்வு தாழ்வு பேசுவது சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லுவோரும் உளர். கம்பனை வால்மீகியோடும் ஹோமரோடும் மில்ட்டனோடும் ஒப்பிட்டுக் கம்பனே மேலானவன் என்று நூலெழுதிய வ. வே. சு. ஐயர் சிறுபிள்ளையா? அவரும் ரசிகரே, காரணங் காட்டிய ரசிகர்.

கண்ணாடி

அடுத்த திங்கட்கிழமை வகுப்பிலே எழுவகை மதத்தைக் கரும்பலகையில் எழுதினேன். பின்னர், "சூப்பர்மேன் சிறந்தவனா, பேட்மேன் சிறந்தவனா?" என்று கேட்டேன். வகுப்பு வாயடைத்து நின்றது. ஏதோ பொறி வைக்கிறார் என்று எண்ணினார்கள் போலும். நான் ஒன்றும் பேசாமல் என் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, "இப்பொழுது என்னைத் தெரிகிறதா?" என்றேன். எல்லாரும் காரணம் அறியாமற் சிரித்தனர். மூவர் மாத்திரம் சிரிக்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு அவர்களுள் ஒருவன் அடக்க மாட்டாமற் சிரித்துவிட்டான். அதன்பின் மணியடிக்கும்வரை வகுப்பு ஓயவில்லை. ஒவ்வொரு மாணவனும் பேச எழும்போது, தான் எழுவகையுள் எதனைக் கையாள்கின்றான் என்பதைச் சொல்லவேண்டும் என்பது மாத்திரமே நான் விதித்த நிபந்தனை. அச்சூத்திரத்தை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள்.

"நான் விரும்பும் வீரன்" என்ற தலைப்பையே மீண்டும் கொடுத்தேன். வீரன் எவனாயினும் ஆகுக, காரணம் உன்னுடையதாக இருக்கட்டும் என்றேன். பண்டாரவன்னியனைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரை இம்முறை மிக நன்றாக இருந்தது. தோல்வி நிச்சயம் என்று அறிந்தபின் அவன் என்ன எண்ணியிருப்பான் என்று அவள் கேட்டிருந்தாள். என் மாணவன் பேட்மேனைப் பற்றி நான்கு பக்கம் எழுதினான். வல்லினம் மிகவேண்டிய இடங்கள் ஆறில் மிகவில்லை. அவற்றைத் திருத்தினேன், வேறெதனையும் தொடவில்லை.

முதற் தவணையிலே அவன் எழுதிய பழைய கட்டுரையை ஒருமுறை முழுமையாகப் படிக்க விரும்பினேன். கொண்டுவரும்படி கேட்டேன். "அதைக் கிழிச்செறிஞ்சிட்டன் சேர்" என்றான். அவன் குரலிலே குறை ஒன்றுமில்லை. மற்றைப் பயிற்சிகளோடு சேர்த்துக் கொப்பியைத் திருத்தி அவன் கையிலே கொடுத்தேன். அந்த மூன்று பக்கங்களில் அவன் என்ன எழுதியிருந்தான் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி இதன்பின் எனக்கு இல்லை. ஒரு வேண்டுகோள் மாத்திரம் விடுக்கின்றேன். உங்கள் மாணவர் திரைப்படத்தைப் பற்றியோ, தொலைக்காட்சித் தொடரைப் பற்றியோ, பறக்கும் வீரரைப் பற்றியோ எழுதிக்கொண்டு வருவாராயின், சிவப்பு மையை எடுக்குமுன் இறுதிவரை படியுங்கள். படித்தபின், "ஏன்?" என்று ஓரத்திலே எழுதுங்கள். அதற்கு அவர் எழுதும் விடையிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.